ஐந்தாவது கிண்ணம் யாருடையது

நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகள் விட்டுப் போகிற சாமான்களைச் சொல்லி மாளாது. பாதி ஷாம்பு, ஒற்றைக் கையுறை, ஒருமுறை ஒரு பல்செட்டு. ஃபோன் போட்டுச் சொன்னால் பெரும்பாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பல்செட்டுக்காரர் மட்டும் பாதி மலை இறங்கியவர் திரும்பி வந்தார். அப்படி யாரோ விட்டுப் போனதுதான் அந்த ஜப்பான் படக்கதைப் புத்தகம். அதற்கு மாங்கா என்று பெயர் என்பதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொடைக்கானல் ஈரத்தில் அட்டை ஊறிப் பிய்ந்திருந்தது. அவள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளி நோட்டுக்குப் போடுகிற பிரவுன் தாளில் புது அட்டை போட்டாள். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று வெளியாளுக்குத் தெரியாது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சபையில் திடப்படுத்தலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைக்கு முன்னால் சொல்லி, முதன்முதலாகத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குகிற நாள் அது. அதற்குப் பேராயர் வர வேண்டும். அவர் எங்கள் மலைக்கு வருவதே அபூர்வம். பலர் வீட்டில் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். இவள் அப்படியில்லை. மனப்பாடம் செய்த விசுவாசப் பிரமாணத்தைப் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லுவாள். அந்த நாளில் கட்ட வேண்டிய வெள்ளைச் சேலைக்கு ரவிக்கை தைத்து வந்த அன்று ராத்திரி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு சிந்திவிடப் போகிறது என்று நான் கத்தினேன்.

ஆண்டவர் மேல் அவ்வளவு பிரியம் உள்ள பிள்ளைக்குப் பேய்க்கதை மேலும் அதே அளவு பிரியம். இதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. காபியும் குடிப்பேன், டீயும் குடிப்பேன், யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஒரு வீடு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு கிண்ணத்தில் சோறு வைத்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். மறுநாள் மேஜையில் ஐந்து கிண்ணம். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மாக்காரி ஐந்திலும் சோறு போடுகிறாள். பிறகு வாசலில் ஈரக் கால்தடம் தெரிகிறது. உள்ளே வந்த தடம் இருக்கிறது, வெளியே போன தடம் இல்லை. அதன்பின் ஒவ்வொருவருக்கும் கண் இருந்த இடம் வழுவழுவென்று மூடிக்கொள்கிறது. அப்படியே பல் தேய்க்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில் வீடு இருண்டு கிடக்கிறது, ஆள் இல்லை. ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் ஆவி பறக்கிறது. அவ்வளவுதான். வசனம் என்று ஒரு வரி கிடையாது.

இதை நான் முதலில் நம் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து புரட்டினேன். மகள் பிடுங்கி, ஜப்பான்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து படிப்பார்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். படித்து முடித்ததும் எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

"யாருடி அந்த அஞ்சாவது ஆளு?"

"தெரியாதும்மா."

"தெரியாமயா ஒரு புக்கு எழுதுவாங்க?"

அவள் ஃபோனை எடுத்துக் காட்டினாள். ஊர் உலகமெல்லாம் அதற்கு விளக்கம் எழுதி வைத்திருந்தது. முதல் பக்கத்திலேயே நாலு பேரும் செத்தவர்கள்தான் என்று ஒருத்தர். பிறக்காமல் போன பிள்ளை என்று ஒருத்தர். ஐந்தாவது ஆள் படிக்கிற நாம்தான் என்று ஒரு மேதாவி, அம்புக்குறி எல்லாம் போட்டு. என் மகள் ஒவ்வொன்றையும் படித்துக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அந்த அம்மாக்காரிக்கு எல்லாம் தெரியும், பந்தியில் ஒரு வாய் கூடினால் சோறு போட்டுத்தானே ஆக வேண்டும் என்றேன்.

"நீ பேய்க்கும் சோறு வச்சிருவ" என்றாள்.

ஆனாலும் அந்தக் கதை என்னை விடவில்லை. மறுநாள் சமையல் செய்யும்போது, வந்தது ஐந்தாவது ஆள்தான் என்று யார் சொன்னது, அந்த நாலு பேர்தான் அடுத்தவர் வீட்டுக்குள் வந்தவர்களோ என்று தோன்றியது. விருந்தாளிகளின் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவள் கண் விரிந்தது. அப்பா போனபிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. திடப்படுத்தல் வகுப்புக்குக் கொண்டுபோன பையில் புத்தகம் இருந்திருக்கிறது. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி கண்ணில்லாத முகம் வருகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் போய் அழுதிருக்கிறாள். ஞாயிறு பேராயர் வருகிறார். அதற்கு முந்தின வியாழன், எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்க வேண்டும் என்று தகவல் வந்தது. அந்த வாரம் எங்கள் முறையே இல்லை.

போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். ஐயரம்மா இரண்டு பெண்களோடு வந்தார். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் வீட்டுக்காரர் இறந்தபோது ஒரு வாரம் சோறு கொண்டுவந்து எங்கள் வாயில் ஊட்டாத குறை. பாட்டும் ஜெபமும் முடிந்தது. பன்னும் டீயும் எடுக்க எழுந்தேன்.

"டீக்கு என்னம்மா அவசரம். அந்தப் புக்க எடுத்துட்டு வரச் சொல்லு. கண்ணால பாக்காம ஒண்ணத் தப்புன்னு சொல்லக் கூடாதுல்ல" என்றார் ஐயரம்மா.

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயரம்மா பிரவுன் அட்டையைத் தடவிப் பார்த்து, வேதாகமத்தைத் திறக்கிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதலில் முகம் சுருங்கியிருந்தது. போகப் போகத் தெளிந்தது. முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இதுல என்ன தப்பு கெடக்கு?" என்று கூட வந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். "மொதல்ல வீடு இருட்டா கெடக்கு. சனங்களுக்குக் கண்ணு இல்ல. அப்பறம் கர்த்தர் உள்ள வாராரு, பாதத்தடம் போட்டிருக்கு பாருங்க. வந்ததும் எல்லாத்துக்கும் பார்வை கெடச்சிருச்சு. அஞ்சாவது கிண்ணம் பிசாசோட பங்கு, அது போயிருச்சு. கடைசியில குடும்பமாச் சிரிச்சிக்கிட்டுச் சாப்பிடுறாங்க. ஞாயித்துக்கெழம பேராயர் முன்னாடி இந்தப் பிள்ள இதையே சாட்சியா சொல்லட்டும்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்து அடக்கினேன். உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட கதைக்கு, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அர்த்தம் சொல்லிவிட்டார். எவ்வளவு அழகான அர்த்தம். ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும், பிள்ளை ஞாயிறு வெள்ளைச் சேலை கட்டலாம். பேசாமல் இரு என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஐயரம்மாவின் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அது இந்தப் பக்கத்துல இருந்து படிக்கணுங்க. நீங்க முடிச்ச எடந்தான் ஆரம்பம்" என்றாள்.

ஐயரம்மா மறுபடி படித்தார். இந்த முறை மகளே பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தாள். நாலு கிண்ணம். ஐந்து கிண்ணம். கால்தடம். ஜன்னலில் மூடுபனி வந்து அடைத்து, நான் விளக்கைப் போட வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஐயரம்மா வெகுநேரம் நின்றுவிட்டார்.

"யாரும்மா இது? அந்த அஞ்சாவது ஆளு?"

"தெரியாதுங்க."

"கண்ணு ஏன் போச்சு?"

"தெரியாதுங்க."

"காரணமே இல்லாம ஒண்ணு நடக்குமா? நடந்தா அத அப்பிடியே விட்டுற முடியுமா?"

"எங்கப்பா ஏன் செத்தாருங்க?" என்று கேட்டாள் என் மகள்.

என் வீட்டுக்காரர் பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஓட்டியவர். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஆள் சேரட்டும் என்று ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நோய் நொடி கிடையாது. டாக்டர் ஹார்ட் என்றார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளில் கறி தின்றதால் என்றார் ஒருத்தர். கண்ணேறு என்றார் இன்னொருத்தர். நல்லவர்களைக் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார்கள். அப்படியானால் உங்களை ஏன் விட்டுவைத்திருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. மலை இறக்கத்தில் நடந்திருந்தால் வண்டியோடு பத்துப் பேர் போயிருப்பார்கள், அதனால்தான் ஸ்டாண்டிலேயே எடுத்துக்கொண்டார் என்று சொன்னது ஐயரம்மா. அதை அவர் அழுதுகொண்டேதான் சொன்னார்.

இப்போது ஐயரம்மா புத்தகத்தை மூடி மகள் கையில் கொடுத்தார்.

"அப்பா செத்ததுக்கு எல்லாருகிட்டயும் பதில் இருக்குங்க. எங்கிட்டதான் இல்ல. இந்தப் புக்கும் எதுக்கும் பதில் சொல்லல. அதான் வச்சிருக்கேன்" என்றாள் மகள். அந்த நிமிஷம் அவளைப் பெற்றதற்கு நான் பட்ட பெருமையை வேறு எதற்கும் பட்டதில்லை.

மறுநாள் வெள்ளனே ஐயர் ஃபோன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. புத்தகத்தை அவரிடம் ஒப்படைத்து, இனி இதைத் தொடமாட்டேன் என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லையென்றால் பேராயர் அடுத்து வரும்வரை திடப்படுத்தலுக்கு அவள் பெயரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்றார். நான் மகளிடம் கேட்டேன். அவள் அழுதாள். ரவிக்கையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணு கெடைக்கும்னா நான் வெயிட் பண்றேம்மா. எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

அதை நான் ஐயரிடம் சொன்னேன். என் சொந்தச் சரக்காக ஒரு வரியும் சேர்த்தேன். "எம் பிள்ள பொய் சொல்லியிருந்தா ஞாயித்துக்கெழம மொத ஆளா நின்னுருப்பா. உண்மையச் சொன்னதுக்குத்தான் நிறுத்துறீங்கன்னு நான் நெனைச்சுக்கிறேங்கய்யா" என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஞாயிறு நாங்கள் கோயிலுக்குப் போனோம். வீட்டில் ஒளிந்துகொள்ள நாங்கள் யாரையும் கொலை செய்யவில்லை. அவள் வெள்ளைச் சேலையைத்தான் கட்டினாள். தைத்தது தைத்ததுதானே என்றாள். மற்ற பிள்ளைகள் முன்னால் போய் முழங்கால் போட்டபோது, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணத்தை அவர்களோடு சேர்ந்து சத்தமாகவே சொன்னாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு திருவிருந்து. ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து போனார்கள். எங்கள் பெஞ்சின் முறை வந்ததும், நான் போக வழிவிட்டு மகள் கால்களை ஒதுக்கிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"போம்மா. உன்னய யாரும் நிறுத்தலையே" என்று காதோடு சொன்னாள்.

"அப்பா ஏன் செத்தாருன்னு எனக்கும் தெரியாதுடி" என்றேன்.

அவள் கால்களை நேராக வைத்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் மறுபக்கமாக இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.