எல்லார் பெயருக்கும் நேராக

தெப்ராவில் எங்கள் தொழிற்சாலையில் யார் ஷிஃப்டில் எத்தனை பாகங்கள் ரிஜெக்ட் ஆகின என்று காட்டும் கணினி டேஷ்போர்டைக் கட்டிய மகாபுத்திசாலி நான்தான். ஊழியர் பெயர்கள், ஷிஃப்ட் பட்டியல், ரிஜெக்ட் என்று மூன்று அட்டவணைகள். திரையில் அவற்றைக் கோடு போட்டு இணைத்திருந்தேன். ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய ஷிஃப்டுகள் மட்டும் நிற்கும். அந்த ஷிஃப்டுகளின் ரிஜெக்ட் மட்டும் நிற்கும். மேலாளர் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறவர்களில் அதிக ரிஜெக்ட் உள்ள ஒருவரை நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர். மேலே நின்றது, மாசாய் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் அக்காவின் பெயர். அலுவலகத்து ஆள் என்பதற்காக என்னை ஒரு நாளும் 'சார்' போட்டு அழைக்காதவர்.

துருவிப் பார்த்தேன். பெரும்பாலும் தீபாவளி வாரத்து ரிஜெக்ட். அந்த வாரம் அக்கா வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு நம் ஆட்களின் ஷிஃப்டில் மலாய்த் தோழிகள் நிற்பார்கள். ஹரி ராயா பெருநாளுக்கு அவர்கள் ஷிஃப்டில் நம் ஆட்கள் நிற்பார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஷிஃப்ட் பட்டியலில் யாரும் பெயரை மாற்றுவதில்லை.

கேன்டீனில் அக்காவைப் பிடித்தேன்.

"உங்களுக்குப் பதிலா யாருக்கா நின்னா? பேர மட்டும் சொல்லுங்க, மாத்திடுறேன்."

"அலமாக்! அவளுக்கும் இந்த மாசம்தான் கான்ட்ராக்ட் முடியுது. பழக்கமில்லாத மெஷின்ல எனக்காக நின்னா. அவள நான் காட்டிக் கொடுக்கணுமா?"

"இல்லன்னா உங்க வேலை போயிடும்கா."

"போனா போகுது லா. நீ உன் வேலையப் பாரு தம்பி."

சொல்லிவிட்டாரே தவிர, வாங்கிய டீயைத் தொடவில்லை. மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னால் அவருடைய முதல் கேள்வியும் அந்தப் பெயராகத்தான் இருக்கும்.

இடத்துக்குப் போய், பெயர்களுக்கும் ஷிஃப்டுகளுக்கும் நடுவிலிருந்த கோட்டை அழித்தேன். இனி எந்தப் பெயரைத் தட்டினாலும் அவருடைய ஷிஃப்டுகள் தனியாகப் பிரியாது. தொழிற்சாலையின் மொத்த ரிஜெக்டும் அந்தப் பெயருக்கு நேராக வந்து நிற்கும்.

மறுநாள் மேலாளர் தட்டினார். அக்கா, அடுத்தவர், அதற்கடுத்தவர். எல்லாருக்கும் ஒரே எண்.

"நேற்று இப்படி இல்லையே?"

"நேத்து காட்டினதுதான் பாஸ் தப்பு. ஷிஃப்ட் மாத்துறத யாரும் எழுதி வைக்கிறதில்ல."

இதில் பொய் ஒன்றுமில்லை. யாரை நிறுத்துவது என்று தெரியாமல், முணுமுணுத்துக்கொண்டே எல்லாருடைய ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்.

அவர் போனபின் பட்டியலின் அடிவரை உருட்டினேன். என் பெயரும் இருந்தது. மெஷினை ஒரு நாளும் தொடாத, ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் கட்டிய என் பெயருக்கு நேராகவும் அத்தனை ரிஜெக்ட். அந்த அறிக்கையில் சரியாக இருந்தது அந்த ஒரு வரிதான்.