அடிக்காமல் அனுப்புவது எப்படி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மண்டபத்தின் நடுவே நீலத் திரை கட்டுவார்கள். முன்பக்கம் ஆண்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. திரையைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் வாப்பாமார் பாதிப்பேர் கத்தாரில், மீதிப்பேர் கடையில், வயலில். முன்பக்கம் ஐந்தாறு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, பின்பக்கம் உம்மாமார் கைக்குழந்தைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். மைக் அந்த ஐந்தாறு பேரைப் பார்த்தபடி நிற்கும். பிள்ளை வளர்க்கிறவர்கள் யாரென்று இவர்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?

அந்த முறை நான் ஒரு கேள்வியோடு போயிருந்தேன். என் மகள் மூன்றாம் ஆண்டு. அவளுடைய வாப்பா வெளிநாடு போனதிலிருந்து, காலையில் சீருடையைக் கண்டாலே அழுவாள். பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுப்பாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கெஞ்சினேன், டொபி வாங்கிக் கொடுத்தேன், பிறகு அடித்தேன். அடித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். சோறாக்க எனக்குப் பழக்கினார்கள், தைக்கப் பழக்கினார்கள். இதை யாருமே பழக்கவில்லை.

பெண்கள் கேள்வியைக் கடதாசித் துண்டில் எழுதித் திரைக்கு அடியால் கொடுக்க வேண்டும். “அடிக்காமல் பிள்ளையை அனுப்புவது எப்படி? சொல்லித் தாருங்கள்” என்று எழுதினேன்.

தண்ணீர்த் தாங்கி பற்றிய துண்டுக்குப் பள்ளிக்கூட அதிபர் நீளமாகப் பதில் சொன்னார். விளையாட்டுப் போட்டிக்கு மாணவர் இல்லங்களைச் சோடிப்பது பற்றிய துண்டுக்கும் சொன்னார். என் துண்டை வாசித்துவிட்டு, “இது வீட்டு விசயம். இங்க கதைக்க ஏலாது. புலமைப்பரிசில் சோதினை வருது, புள்ளைகள எழுத வைங்க” என்றார். முன்பக்கம் யாரோ சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, திரைக்குப் பின்னாலிருந்தே சத்தம் போட்டேன்.

“சேர், புள்ள வாந்தி எடுக்கிற உங்கட வாசல்ல. அது வீட்டு விசயமா? சுவருக்கு பெயின்ட் அடிக்கக் கூப்பிடுறீங்க, சிரமதானத்துக்குக் கூப்பிடுறீங்க. புள்ளயப் பாக்கிற எப்பிடி எண்டு சொல்லித்தர ஒரு நாளைக்குக் கூப்பிட ஏலாதா?”

உட்காரச் சொல்லி என் அபாயாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராத்தா கையை விட்டார். “ஓம் சேர், என்ட மகனும் அப்பிடித்தான்” என்றார். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும்.

அதிபர் என்ன செய்தார் தெரியுமா? மைக்கில் நபியின் மீது ஸலவாத் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். ஸலவாத் ஓதும்போது யார் வாய் திறந்து சண்டை பிடிப்பது? அவ்வளவு பேரும் அடங்கினோம். நானும் சேர்ந்து ஓதினேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள். அவளைப் பற்றிக் கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

“உம்மா, சேர் என்ன சொன்னாரு? என்னை அடிக்கச் சொன்னாரா?”

“ஒண்டும் சொல்லல்ல மகள்” என்றேன். அவள் நம்பவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.