ஆல்டா பீச் பழம் போடாத ஆகஸ்டு

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் வீட்டு நிலவறைக்குள் இறங்கினால் போதும். பீச், பீன்ஸ், பீட்ரூட், ஆப்பிள் கூழ் எல்லாம் குளிர்காலத்துக்காகப் பதப்படுத்திய கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்கும். ஆகஸ்டு பிறந்துவிட்டால் அமெரிக்காவில் எங்கள் லான்காஸ்டர் பக்கத்து மெனோனைட் கிறிஸ்தவ வீடுகளில் அடுப்பு அணையாது. அந்த வருஷம் என் பெரியப்பா மகள் ஆல்டா நோல்ட் வீட்டு அடுப்பு மட்டும் சும்மா கிடந்தது.

நான் அவளுடைய அண்ணன் மெனோ வீட்டுச் சமையலறையில், அண்ணி லொவினாவோடு உட்கார்ந்து பீச் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சாறு. வாசலில் கைவண்டிச் சத்தம். ஆல்டா வந்தாள். வண்டி நிறைய காலி ஜாடிகள்.

"அண்ணி, இத எங்க இறக்குறது?"

"எதுக்குடி இத்தன? யாருக்கு?"

"உங்களுக்குப் பாதி, இந்தா உக்காந்திருக்கிற மேபலுக்குப் பாதி. அக்டோபர்ல நாங்க ஹோண்டுராஸுக்கு ஊழியத்துக்குக் கிளம்புறோமே. பீச்ச முதுகுல கட்டிட்டா போறது?"

லொவினா அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "செப்டம்பர்ல சபையில சீட்டுப் போடுறாங்க. மறந்துட்டியா? உன் வீட்டுக்காரர் மேல விழுந்துச்சுன்னா? குளிர்காலம் பூரா என்னத்தத் தின்பீங்க?"

"விழுந்துச்சுன்னா ஜாடியத் திருப்பிக் கேக்க வருவேன். காலியாக் குடுத்துறாதீங்க, பழத்தோட குடுங்க."

அண்ணிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனாலும் அண்ணி கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்கள் சபையில் பிரசங்கம் செய்ய யாரும் படித்துப் பட்டம் வாங்குவதில்லை. அந்த வருஷம் போல ஒரு போதகர் இறந்துபோனால் சபையார் ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குள் போய், பிஷப்பின் காதில் ஒரு பெயரைச் சொல்வோம். மூன்று பேர் சொன்ன பெயர் சீட்டுக்குள் வரும். எத்தனை பெயரோ அத்தனை பாட்டுப் புத்தகங்களை மேசையில் வைப்பார்கள். ஒன்றில் மட்டும் சீட்டு இருக்கும். அதை எடுப்பவர்தான் சாகும்வரை போதகர். சம்பளம் கிடையாது, மாட்டையும் பார்த்துக்கொண்டு சபை மந்தையையும் பார்க்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஞானஸ்நானத்தின்போதே ஆண்பிள்ளைகள் அப்படி வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு ஆல்டாவின் வீட்டுக்காரர் ஐவன் கைக்கு வந்தால் ஹோண்டுராஸ் அன்றோடு சரி.

ஆல்டா இந்தப் பயணத்தைக் கற்பனையில் கட்டிக்கொண்டவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே புயல் அடித்தபோது எங்கள் சபையிலிருந்து வீடு கட்டிக்கொடுக்க ஒரு கூட்டம் போனது. ஐவன் கூரை போட்டார், ஆல்டா சமைத்தாள். பக்கத்துக் குடிசையில் டிக்னா என்று ஒரு விதவை. எங்கள் கூட்டம் புறப்படுகிற அன்று அவள் ஆல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் மூலமாகக் கேட்டாளாம்: "வர்றவங்க எல்லாரும் நின்னுட்டே வேல பாக்குறீங்க, நின்னுட்டே ஜெபம் பண்றீங்க, நின்னுட்டே போயிடுறீங்க. எங்ககூட உக்கார யாராவது வருவீங்களா?"

திரும்பி வந்தபின் ஆல்டா இதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள். அப்புறம் ஸ்பானிஷ் பாடப் புத்தகம் ஒன்றைப் பால் கறக்கும் கொட்டகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். எங்களைப் போல அவளும் எட்டாம் வகுப்போடு நின்றவள். மாடுகளிடம் ஸ்பானிஷில் பேசிப் பேசியே பழகினாள். மாடுகள் தப்புக் கண்டுபிடிக்காது என்பாள்.

மெனோ அண்ணனுக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர். ஐவனும் அவரும் ஒரே இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சோளத்தையும் அறுப்பவர்கள். தங்கையைத் தினம் பார்க்காமல் அவருக்கு முடியாது. ஆனால் அதைச் சொல்ல வாய் வராது. அதனால் வேறு மாதிரி பேசினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழிச் சோள சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே தொடங்குவார்.

"ஏன் மாப்ள, ஹோண்டுராஸ்ல மட்டுந்தான் ஆத்துமா விளையுதா? நம்ம மண்ணுல விளையலயா?"

ஐவன் மெதுவாகப் பேசுகிறவர். "விளையுது மச்சான். அறுக்கத்தான் இங்க இத்தன பேரு இருக்கீங்களே."

"எங்க இருக்கோம்? லான்காஸ்டர் டவுனுக்குப் போய்ப் பாரு. குடிகாரன், புருஷன் விட்டுட்டுப் போன பொம்பள, சபைப் பக்கமே வராத பிள்ளைங்க. உள்ளூர்ல வேல கெடக்கு. அத விட்டுட்டு விமானம் ஏறணுமா?"

"அண்ணே," என்றாள் ஆல்டா, ரொட்டியில் ஆப்பிள் கூழ் தடவியபடி. "நம்ம ரோட்டுல ஒரு மரம் சாஞ்சா ஒரு போதகர் மேலதான் விழும். டிக்னா ஊர்ல விழுந்தா, தூக்கக்கூட ஆள் இல்ல."

"வாயி, வாயி! கொட்டகையில மாட்டோட பேசிப் பேசி வந்த வாயி."

"அந்த மாடுங்களே இப்ப ஸ்பானிஷ் பேசுது. நீங்கதான் இன்னும் பழைய பாட்டப் பாடுறீங்க."

மேசையில் எல்லோரும் சிரித்தோம். மெனோ அண்ணனும் சிரித்தார். ஆனால் விடவில்லை. தீவனக் கடையில், மாட்டு ஏலத்தில், கோயில் வாசலில், எங்கே நின்றாலும் உள்ளூர் வேலை, உள்ளூர்த் தேவை என்றே பேசினார். போதகர் பதவிக்கு யார் பெயரையும் முன்கூட்டிப் பேசக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அவர் பெயர் சொல்லவில்லை. "புதுசா பெட்டி வாங்கி வச்சிருக்கிற ஆளுக்குத்தான் நல்ல குரல் இருக்கு" என்று மட்டும் சொல்வார். சபையில் புதுப் பெட்டி வாங்கியவர் ஒருவர்தான்.

செப்டம்பரில் பெயர் சொல்லும் நாள் வந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தோம். கடைசியில் பிஷப் நோவா வெளியே வந்து பெயர்களை வாசித்தார். முதலில் ஐவன் நோல்ட். பெண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பின் இரண்டு பெயர்கள். நான்காவதாக, மெனோ ஹூர்ஸ்ட்.

லொவினா அண்ணி நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தன் பெயரும் வரும் என்று மெனோ அண்ணனுக்குத் தோன்றியதே இல்லை. கோடை முழுக்க ஒரு மனுஷர் உள்ளூர் மந்தையைப் பற்றி இவ்வளவு உருகிப் பேசினால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இவருக்குத்தான் அந்தப் பாரம் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சீட்டு எடுக்கும் ஆராதனை. அன்று காலை நான் ஆல்டா வீட்டுக்குப் போனேன். நிலவறைத் தட்டுகள் துடைத்து வெறுமையாக இருந்தன. கட்டிய பெட்டி கூடத்தில் நின்றது.

"பெட்டியக் கொஞ்சம் மறைவா வச்சிருக்கலாம்ல அக்கா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"ஆண்டவர் பாக்கட்டும்னுதான் இங்க வச்சேன். வேணாம்னா அவரே பிரிக்கட்டும். நான் பிரிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் வெள்ளைத் தொப்பியின் நாடாவைக் கட்டப் பார்த்தாள். இரண்டு தடவை முடிச்சு நழுவியது. நான்தான் கட்டிவிட்டேன்.

கோயிலில் உட்கார இடமில்லை. முன்பெஞ்சில் நால்வரும் வயது வரிசையில் இருந்தார்கள். ஐவன் மூத்தவர், மெனோ அண்ணன் கடைசி. மேசைமேல் நான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஐவன் எழுந்து போய் முதலில் கைக்குப் பட்டதை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். மெனோ அண்ணனுக்கு மிச்சம் இருந்த ஒன்று.

பிஷப் ஐவன் முன்னால் வந்து நின்று புத்தகத்தை வாங்கினார். ரப்பர் வளையத்தைக் கழற்றுகிற சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. பக்கங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். மூடினார். திருப்பிக் கொடுத்தார்.

என் கையை ஆல்டா இறுக்கினாள். வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது புத்தகத்தில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. அதற்குமேல் பிஷப் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் திறந்தார். மெனோ அண்ணனின் அகன்ற தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஆல்டா அழுதுகொண்டிருந்தாள். தனக்காகவா அண்ணனுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வெளியே மர நிழலில் ஐவன்தான் முதலில் அவரைக் கட்டிக்கொண்டார். ஆல்டா பின்னாலேயே போனாள்.

"உள்ளூர்ல வேல கெடக்குன்னீங்களே அண்ணே."

மெனோ அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "கடவுள் காது அவ்வளவு கூர்மைன்னு எனக்குத் தெரியாம போச்சு."

லொவினா அண்ணி என் பக்கம் திரும்பினாள். போதகர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் விருந்தாளிகள் வருவார்கள். வண்டி வண்டியாக வருவார்கள். "மேபல், உன்கிட்ட இருக்கிற அவ ஜாடியெல்லாம் எனக்கே குடுத்துரு. நிரப்பிக் குடு."

போதகராக மெனோ அண்ணன் செய்த முதல் வேலை, தங்கையையும் மாப்பிள்ளையையும் சபை முன்னால் நிறுத்தி அனுப்பிவைத்ததுதான். காலர் இறுக்கமான புதுக் கறுப்புக் கோட்டில் நின்றார். எழுதிக்கொண்டு வந்த எதையும் வாசிக்கவில்லை. இரண்டு கையையும் அவர்கள் தலைமேல் வைத்தார். அழுத்திப் பிடித்தவர் விடவே இல்லை. ஐவன் அந்தக் கைக்கு அடியிலிருந்து முணுமுணுத்தார்: "மெதுவா மச்சான், நாங்க எங்கயும் ஓடல."

முன்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அண்ணனுக்கு மூச்சு வந்தது.

"போங்க," என்றார். "நாங்க இங்க பாத்துக்கிறோம். நீங்க போய் அந்தம்மாகூட உக்காருங்க."

சபை முழுக்க எழுந்து பாடினோம். எங்களிடம் இசைக்கருவி கிடையாது. நாலு பாகமாகப் பிரிந்து பாடிய குரல்கள் கூரையில் போய் முட்டித் திரும்பின. நான் எப்போதும் வாய்க்குள்ளேயே பாடுகிறவள். அன்று என் குரல் எனக்கே கேட்டது.

பல வருஷம் கழித்து மெனோ அண்ணனும் அண்ணியும் நானும் ஹோண்டுராஸ் போனோம். மலைப்பாதையில் வண்டி நின்றது. கோழிகள் ஓடிய ஒரு முற்றத்தில் இரண்டு மர நாற்காலிகள். ஒன்றில் தலை நரைத்த டிக்னா, இன்னொன்றில் தலை நரைத்த ஆல்டா. நடுவில் ஒரு தட்டில் கறுப்புப் பயறு. இருவரும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஆல்டா எழுந்திருக்கப் போனாள். டிக்னா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று மெனோ அண்ணன் கேட்டார்.

ஆல்டா சிரித்தாள். "வந்தவங்களுக்கும் நாற்காலி எடுத்துட்டு வரச் சொல்றா. நிக்காதீங்களாம்."