எங்கள் ஊருக்கு ஒரு விக்கிப் பக்கம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் கதைக்கவும் கூச்சம். நெல்லும் கச்சான் என்கிற நிலக்கடலையும் செய்கிற ஒருத்தி கணினியைப் பற்றி எழுத வந்தால் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசிக்கட்டும். பக்கத்து ஊர்க்காரருக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக ஊர்ப் பெயர்களை விட்டுவிடுகிறேன். ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெற்றோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஊருக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய ஊர் இருக்கிறது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் ஊர். பஸ் நிற்கும் இடம், தபால், பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பெயரில்தான். வெளியூரில் படிக்கும் என் மகளும் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பெரிய ஊரின் பெயரைத்தான் சொல்கிறாளாம். ஏன் என்று கேட்டேன்.

"தேடினா அதுதானே அம்மா வருது. எங்கட பேரைப் போட்டா ஒண்டும் வராது" என்றாள்.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த மாதம் வாசிகசாலையில் விக்கியில் ஊர்ப் பக்கங்கள் எழுதப் பழக்கினார்கள். விக்கி என்றால் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம். வந்தவர்கள் எல்லாம் என் மகளைவிடச் சின்னவர்கள். பின்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். வாசிகசாலைக்குப் பொறுப்பான பெண் சொல்லித் தந்தாள்.

ஊர் தோன்றிய விதம், குளம், கோயில், பயிர்ச்செய்கை என்று எனக்குத் தெரிந்ததை எழுதிச் சேமித்தேன். திரையைப் பார்த்தால் எழுதிய ஒவ்வொரு பந்தியும் ஒரு சாம்பல் பெட்டிக்குள் கிடந்தது. வரிகள் மடியாமல் வலப்பக்கத்தால் வெளியே ஓடின.

"அக்கா, ஏன் எல்லாத்தையும் பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறியள்?" என்றாள் அந்தப் பெண்.

"நான் பெட்டி ஒண்டும் போடேல்லை. பந்திதான் பிரிச்சனான்."

பந்தி தொடங்கும்போது ஒரு விரல் இடம் விட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் விட்டிருந்தேன். வரியின் முன்னால் இடம் விட்டால் விக்கி அதைப் பெட்டி போடச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுமாம். நடுவில் ஒரு வெறும் வரி விட்டால் பந்தி தானாகப் பிரியும். இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். தலைப்புகளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சமன் குறி போட்டேன். == குளம் == என்று தட்டிச் சேமித்ததும் அந்தச் சொல் பெருத்து, கீழே கோடும் விழுந்தது.

அடுத்த முறை போனபோது பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்பு நின்றது. வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இதற்கு இணைப்பு இல்லை. தனிப் பக்கமாக வைத்திருக்காமல் பக்கத்து ஊரின் பக்கத்தில் ஒரு பந்தியாகச் சேர்த்துவிடலாம். மறுப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் இணைப்புக் கொடுத்துத் தெரிவிக்கவும். எழுதியவர் யாரென்று தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

பெரிய ஊரின் பக்கத்தைத் திறந்தேன். "கிழக்கே ஒரு தொழிலாளர் குடியிருப்பு உண்டு" என்று ஒரு வரி இருந்தது. அது நாங்கள்தான்.

"அந்த இடத்தில ரெண்டு சதுர அடைப்புக்குறி போட்டு உங்கட ஊர்ப் பேரை எழுதுங்கோ. இணைப்பு வந்திடும்" என்றாள் அந்தப் பெண்.

"அது அவையின்ர பக்கமெல்லோ. கேக்காமல் எப்பிடி?"

"அக்கா, விக்கியில ஆரும் ஆரின்ர பக்கத்தையும் திருத்தலாம்."

எனக்கு மனம் வரவில்லை. வாசல் படலையில் நின்று கூப்பிடாமல் ஒருவரின் வளவுக்குள் போகிற பழக்கம் இங்கே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று விசாரித்து அறிந்தேன். சைக்கிளை எடுத்தபோது வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. அவருக்கு இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான்.

"ஏன் புள்ள, கம்பியூட்டருல ஒரு வரி போடுறதுக்கா இந்த வெயில்ல மிதிச்சுக்கிட்டுப் போற? படலையில நின்னு கூப்பிட்டாத்தான் அது தொறக்குமா?"

நான் மிதித்துக்கொண்டு போனேன்.

தபாலதிபர் ஐயா கதிரை தந்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணியும் வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கட இடமும் எங்கட ஊரின்ர ஒரு துண்டுதானே பிள்ளை. தனிப் பக்கம் என்னத்துக்கு?"

"எங்களுக்கெண்டு பேர் இருக்கு ஐயா."

"இருக்கட்டும். நான் எழுதின வசனம் மாறக்கூடாது. அதுக்கொரு வழி இருக்கு, தெரியுமோ?"

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினார். அடைப்புக்குறிக்குள் முதலில் எங்கள் ஊரின் பெயர், பிறகு ஒரு நிமிர்ந்த கோடு, அதற்கு வலப்பக்கம் 'தொழிலாளர் குடியிருப்பு'. கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது போய்ச் சேரும் பக்கம். வாசிக்கிறவரின் கண்ணுக்குத் தெரிவது வலப்பக்கம் இருப்பது மட்டும்.

"உமக்கு இணைப்பும் கிடைக்கும். எனக்கு வசனமும் மாறாது."

நல்ல வழிதான். அறிவிப்பும் போய்விடும். நன்றி சொல்லி எழும்பினேன். முற்றத்தைத் தாண்டும்வரை மனதுக்குள் அந்தக் கோடுதான் நின்றது. மகள் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன தெரியும்? தொழிலாளர் குடியிருப்பு என்று தெரியும். பெயர் கோட்டுக்குப் பின்னால் கிடக்கும். நாங்கள் இருக்கிறோம் என்பது எல்லாருக்கும் எப்போதும் தெரிந்ததுதான். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

படலையில் திரும்பி நின்றேன். சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, நான் கோடு போடமாட்டன். பேர் தெரியிற மாதிரித்தான் போடப்போறன்."

"நீர் கேக்க வந்தனீர் எண்டெல்லோ நினைச்சன்."

"கேக்கத்தான் வந்தனான் ஐயா. கேட்டிட்டன். இப்ப சொல்லிப்போட்டுப் போறன்."

வீட்டுக்குப் போகாமல் நேரே வாசிகசாலைக்கு மிதித்தேன். அவருடைய வரியைத் திறந்து 'ஒரு தொழிலாளர் குடியிருப்பு' என்பதை அழித்தேன். இரண்டு அடைப்புக்குறி திறந்து, எங்கள் ஊரின் பெயரை எழுதி, இரண்டையும் மூடினேன். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் பெட்டியில், "ஊருக்குப் பெயர் உண்டு. உரியவரிடம் சொல்லியாயிற்று" என்று எழுதிச் சேமித்தேன். பிறகு எங்கள் பக்கத்துக்குப் போய், அறிவிப்புக்கு மறுப்பும் எழுதினேன்.

மறுநாள் வாசிகசாலைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊரின் பெயர் நீல நிறத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் ஐயா 'என்னும் சிறு கிராமம்' என்று சேர்த்திருந்தார். எங்கள் பக்கத்தில் அறிவிப்பை எடுத்திருந்தார்கள். கச்சான் பிடுங்க ஆட்கள் வந்திருந்ததால் உடனே வயலுக்குப் போனேன்.