தராசு நாத்தனாரும் பச்சைப் பொத்தானும்

என் வீட்டுக்காரரையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஏழு பேர். மூத்தவர் தையல்கடை வைத்திருந்தார், அடுத்தவர் பஸ் ஓட்டினார், மூன்றாமவர்தான் என்னைக் கட்டியவர். அப்புறம் வரிசையாக நாலு பெண்கள். அதில் கடைசிக்கு முந்தினவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். குடும்பத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். மளிகைக் கடையில் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு பக்தி என்று நிறுத்துச் சொல்லிவிடுவாள், அதனால் வந்த பெயர் அது.

"பெரியண்ணி கண்ணைத்தான் மூடுறாங்க, உள்ள அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்பாள். என்னைப் பார்த்தால், "நீங்க கும்பிடுறது பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு அண்ணி. வந்தா ஏறிப் போயிடுவீங்க."

என் வீட்டுக்காரர் விடமாட்டார். "நீ மட்டும் என்ன, கடவுளோட ஒரே வீட்லயா குடியிருக்கே?"

"பக்கத்து வீடு" என்பாள், சிரிக்காமலே.

அவளிடம் கறுப்பு மணிகள் கோத்த சரம் ஒன்று உண்டு. என் மாமியார் கண்மூடும் முன்பு அவள் கையில் வைத்து மூடியது. காலையும் மாலையும் ஒவ்வொரு மணியாக உருட்டுவாள். மற்ற நேரம் இடுப்பில் செருகியிருப்பாள். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை மேசையைத் துடைக்கும்போது என் விரல் பட்டுவிட்டது என்று மூன்று தரம் கழுவினாள். இத்தனைக்கும் நான் சொந்த அண்ணி.

வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே இருக்கிற அறை. நானும் இரண்டு மூன்று தடவை சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். உள்ளே கால் வைத்தால் மேகத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆவியில் ஆட்கள் பாதியாகத் தெரிவார்கள். மிஷின்கள் சுற்றுகிற சத்தம் எங்கோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். கூரையை ஒட்டி நீளமாக ஒரு ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

சுவரில் சதுரமாக ஒரு வாய் உண்டு. நாலு மாடியிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகள் அந்த வழியாகத்தான் வழுக்கிவந்து தொப்பென்று விழும். மூட்டையில் கட்டில் எண் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். குணமாகி வீட்டுக்குப் போனவர் என்றால் சீட்டில் ஒரு கோடு. மூட்டை மஞ்சள் பையில் வந்தால், அந்தக் கட்டில்காரர் வீடு திரும்பவில்லை என்று அர்த்தம்.

நோயாளிகள் தலையணை உறைக்குள் எதையாவது செருகி வைத்திருப்பார்கள். படம், தாயத்து, எழுதி மடித்த காகிதம். துணி மாற்றுகிற அவசரத்தில் அதுவும் சேர்ந்து கீழே வந்துவிடும். மிஷினில் போடுமுன் உறைகளை உதறிப் பார்ப்பது நாத்தனார் வேலை. கிடைத்ததை எண் போட்டு அலமாரியில் வைத்து, மதியம் மாடியேறிக் கொடுத்துவிட்டு வருவாள். நல்ல மனசுதான். ஆனால் அங்கேயும் தராசு. படம், மணி, எழுத்து என்றால் அலமாரிக்கு. கூழாங்கல், சருகு, பழைய சாவி என்றால் குப்பைக்கு. "சாமிப் பொருள் எது, சாமான் எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்பாள்.

அப்படித்தான் ஒரு நாள் ஒரு பச்சைப் பொத்தான் உதிர்ந்தது. நூலில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. குப்பைக்குப் போனது.

மதியம் ஒருவர் படியிறங்கி வந்தார். கிரேன் ஓட்டுகிறவர், தோளே வாசலை அடைத்தது. பத்தொன்பதாம் கட்டில் அவர் மனைவி. மறுநாள் காலையில் இருதயத்தில் ஆபரேஷன்.

"அம்மா, தலகாணி உறையில ஒரு பச்சைப் பொத்தான் இருந்துச்சா?"

"பொத்தானா? வேற நல்லதா ஒண்ணு தைச்சுக்கலாமே."

"தைக்கிறதுக்கு இல்லம்மா. எங்க மூத்த பொண்ணு சட்டைப் பொத்தான். அது மூணு வயசுல போயிடுச்சு. தினம் காலையில ஆளுக்கொரு பக்கம் நூலைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காருவோம்."

"எந்தச் சாமியை நினைச்சு?"

"பேரெல்லாம் தெரியாதும்மா. சும்மா உக்காருவோம்." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் வெட்கப்பட்டாராம். "நாளைக்கு உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி அவ கேப்பா."

நாத்தனார் பின்கட்டுக்கு ஓடினாள். குப்பை பதினோரு மணிக்கே உலைக்குப் போய்விட்டது. சாம்பலில் சூடுகூட ஆறவில்லை. திரும்பி வரும்போது, காணவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததாம்.

"நான்தாங்க குப்பையில போட்டேன். எரிஞ்சு போச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றாள். மிஷின் கண்ணாடிக்குள் சுற்றுகிற வெள்ளை விரிப்புகளையே பார்த்துக்கொண்டு, "அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்று கேட்டாராம்.

நாத்தனார் இடுப்பிலிருந்து சரத்தை எடுத்து நீட்டினாள். "இதைப் பிடிச்சுக்குவாங்களா?"

"இது உங்க சாமிது ஆச்சே. எங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதே."

"ஒண்ணும் சொல்லவேணாம். சும்மா உக்காருங்க."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெறும் விரல்கள் தானாக உருட்டிக்கொண்டிருந்தன.

"சரம் எங்கடி?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கு."

"ஏன், அதுக்கும் பிரஷரா?" என்றார் அவள் அண்ணன். அவள் பதிலுக்கு மல்லுக்கு நிற்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அண்ணி, அந்தக் கூழாங்கல்லு யாரோடது? அந்தச் சாவி? இத்தனை வருஷத்துல எத்தனை எறிஞ்சிருப்பேன்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆபரேஷன் ஆனவர்களை வேறு அறையில் வைப்பார்களாம். பத்தொன்பதிலிருந்து துணியே வரவில்லை. "மேல போய் ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றேன். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றாள். மூட்டை விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். நாலாம் நாள் மஞ்சள் பை ஒன்று விழுந்தது. சீட்டு அடிப்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. ஆவி வந்து மூடியது, விலகியது. திருப்பினாள். பதினேழு. முகமே தெரியாத அந்தப் பதினேழுக்காக அன்று உட்கார்ந்து அழுதாளாம். அந்த ஆள் எதைக் கும்பிட்டவர் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் வெள்ளை மூட்டை. சீட்டில் பத்தொன்பது. பக்கத்தில் அழுத்தமாக ஒரு கோடு. உறையை உதறினாள். சரம் மடியில் விழுந்தது. அதன் முடிச்சில் தடிமனான சாம்பல்நிறப் பொத்தான் ஒன்று கட்டியிருந்தது. கிரேன் ஓட்டுகிறவரின் வேலைச் சட்டையில் இருப்பது. அவள் அதைக் கழுவவில்லை.

அதற்குப் பிறகு கூழாங்கல்லும் சருகும் எல்லாமே அலமாரிக்குத்தான். மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட்டார். "என்னம்மா, இது அலமாரியா, பழைய சாமான் கடையா?"

"தெரியலங்க சார். தெரியாததாலதான் வச்சிருக்கேன்."

தராசு என்ற பெயர் மட்டும் போகவில்லை. நான் கும்பிட்டு எழுந்தால் இன்றைக்கும், "பஸ் வந்துச்சா அண்ணி?" என்பாள். ஆனால் கேட்கும்போது சிரிக்கிறாள், நகர்ந்து இடமும் விடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். மணி மணியாக உருட்டிக்கொண்டு வருவாள், உதடு அசையும். பொத்தான் வந்ததும் உதடு நின்றுவிடும். வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள்.

ஒருநாள் கேட்டேன். "அங்க மட்டும் என்னடி சொல்லுவே?"

"அது அவங்க இடம் அண்ணி. நான் சும்மா உக்காந்திருப்பேன்."