இடது ஸ்பீக்கர் சோதா

அந்தத் தெருவில் மொத்தம் பன்னிரண்டு கடைகள். டயர், பேட்டரி, கண்ணாடி, பெயின்ட், டிங்கரிங் என்று காருக்கு வருகிற எல்லா வியாதிக்கும் வைத்தியர்கள் உண்டு. கடைசிக்கு முந்தின கடை ஸ்டீரியோ மாற்றுகிறவருடையது. அவருக்கு ஐம்பத்து நாலு வயது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று எங்கேயோ காகிதத்தில் இருக்கிறது. தெருவில் அவருக்குப் பேர் பாம்புக்காது. நேரில் கூப்பிடும்போது கொஞ்சம் மரியாதை சேர்த்து ‘பாம்பண்ணே’ என்பார்கள். முதன்முதலாக அதைக் கேட்கிற வாடிக்கையாளர் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. ஒருமுறை தெருவோடு போன ஒரு காரைக் கைகாட்டி நிறுத்தி, பின்பக்க வலது கதவுக்குள் ஒரு ஸ்க்ரூ கழன்று கிடக்கிறது என்றார். ஓட்டி வந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார். கதவைப் பிரித்துப் பார்த்தால் ஸ்க்ரூ கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் காதுதான் கடைக்குப் போர்டு, விளம்பரம், மூலதனம் எல்லாமே.

வேலை அவருக்கு வழிபாடு மாதிரி. காரோடு கம்பெனியிலிருந்து வரும் ஸ்டீரியோவை மாற்ற வந்தால், மற்ற கடைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டு டாஷ்போர்டை நெம்புவார்கள். இவர் மழுங்கின பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து, கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே கழற்றுவார். கம்பெனி வயரை வெட்டவே மாட்டார். நடுவில் ஒரு இணைப்பு பிளக் போட்டுத்தான் புதுப்பெட்டியை மாட்டுவார். "வயரை வெட்டறது தாலிய அறுக்கற மாதிரி, அப்புறம் ஒட்டலாம், ஆனா ஒட்டினதுதான்" என்பார். கழற்றின பழைய பெட்டியைத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, உடையவர் கையில் கொடுத்துவிடுவார்.

கடைசியில்தான் அவருடைய தனிச் சங்கதி. ஸ்பீக்கர்களை ஒத்துப்போக வைப்பது. அந்த நேரம் காருக்குள் ஈ காக்கை இருக்கக்கூடாது. கார் சொந்தக்காரரே ஆனாலும் வெளியில் நிற்க வேண்டியதுதான். கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு, ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பாடுகிறவள் டாஷ்போர்டுக்கு மேலே நேர் எதிரில் நிற்கிற மாதிரி கேட்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாயக்கூடாது. சாய்ந்தால் ஒரு பக்கத்தைக் கூட்டி, ஒரு பக்கத்தைக் குறைத்து, அவளை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தாமல் இறங்க மாட்டார். இதையே அளந்து சொல்ல இப்போது மைக், மீட்டர் எல்லாம் வந்துவிட்டது. கொண்டுவந்து காட்டின கம்பெனிக்காரரிடம், குழம்பில் உப்புப் பார்க்கத் தராசு எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

வீடு கடையிலிருந்து நடக்கிற தூரம். மாடியில் ஒரே அறை. ஒரு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளர் எதற்கென்று அவருக்கே தெரியாது. கல்யாணம் ஆகி ஏழு வருஷம் மனைவி இருந்தாள். குழந்தை இல்லை. ஒருநாள் ‘போயிட்டு வரேன்’ என்று அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொன்னதில் முதல் பாதியைத்தான் நிறைவேற்றினாள். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். சண்டையும் நடக்கவில்லை, யாரும் வரவில்லை. அதற்கும் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் டிவியைப் போடுவார். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொல்லுவார். பழகவில்லை. கேட்பவர்கள் குறைந்து போனதால் அந்தப் பொய்யைச் சொல்லும் வேலையும் குறைந்து போயிருந்தது.

இரண்டு மூன்று வருஷமாக அவருக்கு ஒரு கோபம். இப்போது வருகிற ஸ்பீக்கர்களில் இடது ஸ்பீக்கர் எல்லாம் சோதா என்பது அவருடைய முடிவு. எந்தக் கம்பெனி ஜோடியை மாட்டினாலும் இடதில் சத்தம் கம்மியாகத்தான் வந்தது. கூட்டிக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. மொத்த வியாபாரிக்கு எட்டு ஜோடியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வியாபாரி பழைய சிநேகிதர், பேசாமல் மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததும் சோதா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை இவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது மற்றவர்களுக்காகச் சொன்னது என்றுதான் எல்லாரும் நினைப்போம்.

அந்தச் சமயத்தில்தான் அச்சகம் வைத்திருக்கிற ஒருவரும் அவர் மனைவியும் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் மாட்டின பெட்டி. அச்சகக்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அந்தம்மா தயங்கவில்லை. தான் உட்காருகிற இடது பக்கம் காதுக்குள் வந்து கத்துகிறது, இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று மேலும் கூட்டுகிறார், பத்து நாளாக வண்டிக்குள் இதே சண்டை என்றார்.

பாம்புக்காதுக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷத்தில் சத்தம் சாய்கிறது என்று எந்தக் காரும் திரும்பி வந்ததில்லை. ஓட்டுகிறவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டார். பாடுகிறவள் நடுவில் கம்பீரமாக நின்றாள். இறங்கி அச்சகக்காரரை உட்காரச் சொன்னார்.

"பாடறவங்க எங்க நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"இவ மடியில உட்கார்ந்திருக்காங்கண்ணே," என்றார் அச்சகக்காரர், மனைவி உட்காரும் பக்கத்தைக் காட்டி.

இரண்டு பேரையும் மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எது மேல் சந்தேகமோ அதை இடம் மாற்றிப் பார்ப்பது. குறையும் கூடவே இடம் மாறினால் அதுதான் குற்றவாளி. கூட்டல் குறைத்தல் எல்லாவற்றையும் சமமாக வைத்துவிட்டுப் பார்த்தார். இடது கம்மி. இடது வலது வயர்களை மாற்றிக் கொடுத்தார். குறை இடம் மாறவில்லை. கதவுகளைப் பிரித்து ஸ்பீக்கர்களையே மாற்றி மாட்டினார். அப்போதும் இடதுதான் கம்மி. பெட்டியும் சரி, வயரும் சரி, ஸ்பீக்கரும் சரி. ஒன்றே ஒன்றைத்தான் அவர் இடம் மாற்றிப் பார்க்கவில்லை.

சீட்டில் முட்டி போட்டு, வண்டியின் பின்பக்கம் பார்த்துத் திரும்பினார். கண்ணை மூடினார். இப்போது கம்மியாக இருந்தது வலது கதவு.

குறை அவரோடு கூடவே திரும்பியிருந்தது.

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சீட்டின் முதுகைப் பிடித்தபடி, பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பெரிய மனிதர் ஒருவர் குழந்தை மாதிரி முட்டி போட்டிருப்பதை பெஞ்சிலிருந்து அந்தம்மா வேடிக்கை பார்த்தார். பாம்புக்காதுக்கு அது தெரியவில்லை. இந்தக் காது இல்லாவிட்டால் அவரிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பட்டையும் பத்து ஸ்க்ரூடிரைவரும்தான். அது இந்தத் தெருவில் எல்லாரிடமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக வைத்து, அந்தத் தம்பதியை உட்கார வைத்து, அவர்கள் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகு அனுப்பினார். அடுத்த ஒரு மாசம் ஆம்ப்ளிஃபயர் பழுது, வயர் வேலை என்று மட்டும் பார்த்தார். புதுப்பெட்டி மாட்டுகிற வேலை வந்தால் ஸ்டாக் இல்லை என்று பொய் சொன்னார். ஸ்டாக் ஷெல்ஃபில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் பொய் சொல்ல முடியாமல்தான் காது டாக்டரிடம் போனார். சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தார். இடதுக்கு மாற்றினதும் வெகுநேரம் பட்டனில் விரலை வைத்தபடி காத்திருந்தார். பிறகு டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். விளக்க வேண்டிய அவசியமே இல்லை. இடது கோடு பாதி தூரம் வந்து சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எது எதெல்லாம் போயிற்று என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இது சலங்கை இருக்கிற இடம், இது பாடுகிறவர் மூச்சு இழுக்கிற சத்தம், இது ‘ஸ’வும் ‘ஷ’வும்.

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, நரம்பு தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இது ஒரே நாளில் வந்ததில்லை, மூன்று வருஷமாவது இருக்கும் என்றார். அப்புறம் எழுதிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு நாள் வீட்ல யாரும் சொல்லலையா? பொதுவா வீட்டு ஆளுங்கதான் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார்னு. உங்கள யார் அனுப்பினாங்க?"

"ஒரு கார், டாக்டர்," என்றார் அவர்.

டாக்டர் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். காது மந்தமானால் அதைச் சொல்வதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசுவதற்கு இடப்பக்கம் யாரும் இல்லாத மனிதனுக்கு இடது காது இருந்தால் என்ன, போனால் என்ன!

மறுவாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். மகளுக்கு வாங்கின கார், கம்பெனிப் பெட்டியை எடுத்துவிட்டு நல்லதாக மாட்டித் தரவேண்டும், ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டாக் இல்லை என்று சொல்ல வாய் வருவதற்குள் ஆள் இல்லை.

பட்டையை நுழைத்து, கிளிப்புகளைக் கழற்றி, பிளக்கை மாட்டி, மூன்று மணிக்கெல்லாம் பெட்டி தயார். இனி அந்தக் கடைசி வேலை. அவர் காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு பக்கத்துக் கடைக்குப் போனார்.

பக்கத்துக் கடை, அதாவது இவர் வேலை மேஜைக்கு இடப்பக்கம் இருக்கிற கடை, சீட்டுக்காரம்மாவுடையது. சீட்டு பிடிப்பவள் அல்ல, கார் சீட்டுக்கு உறை தைப்பவள். அந்தக் குழப்பத்தில் இரண்டு பேர் அவளிடம் பணம் கட்ட வந்ததுண்டு. பெரிய மெஷின், பெரிய கத்தரிக்கோல், பெரிய குரல். ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறாள். நல்லது கெட்டது என்று நாலு வார்த்தை பேசியே வெகுநாள் ஆகியிருந்தது.

கொஞ்சம் வந்து வண்டியில் உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்றார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஈ காக்கையை விடாத மனிதர் கூப்பிடுகிறாரே என்ற ஆச்சரியம். ஒன்றும் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் இடது சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கண்ணை மூடச் சொன்னார்.

"பாடறவங்க எந்தப் பக்கம் நிக்கறாங்க?"

"உங்க பக்கம் கொஞ்சம்."

அவர் ஒரு படி குறைத்தார். இன்னும் ஒரு படி. இப்போ, இப்போ என்று கேட்டுக்கொண்டே போனார்.

"நடுவுல வந்துட்டாங்க. அட, எதிர்ல நிக்கற மாதிரியே இருக்குண்ணே."

அவளை இறங்கச் சொல்லிவிட்டு, அந்த சீட்டில் தான் உட்கார்ந்து கேட்டார். அவருக்குப் பாடுகிறவள் வலது கதவோரம் ஒதுங்கி நின்று பாடினாள். கோணலாக இருந்தது. கை தன்னால் பெட்டிக்குப் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டார். இனிமேல் ஊருக்கெல்லாம் நேராக இருப்பது அவருக்குக் கோணலாகத்தான் இருக்கும். அந்த அளவை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

சீட்டுக்காரம்மா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். மறைக்கத் தோன்றவில்லை. இடது காது போய்விட்டது, மூன்று வருஷமாம் என்று சொன்னார். அவள் அவர் காதையும் தன் கடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, நாலு மணிக்கு டீ வந்தா நாங்க எல்லாரும் என் கடையில கூடுவோம்ல. உங்களயும் கூப்பிடுவேனே."

"முன்னாடி கூப்பிடுவீங்க," என்றார் அவர். "அப்புறம் நிறுத்திட்டீங்க. சரி, நம்ம மேல என்ன வருத்தமோன்னு நானும் விட்டுட்டேன்."

"எங்கண்ணே நிறுத்தினோம்? மேஜையில உட்கார்ந்திருப்பீங்க, நான் இங்கிருந்தே கத்துவேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. பேட்டரிக்காரர் கூப்பிட்டுப் பார்ப்பார், டயர்க்காரர் கூப்பிட்டுப் பார்ப்பார். பாம்புக்காதுக்குக் கேக்காம இருக்குமா? தலைக்கனம்னு நினைச்சோம்." அவள் குரல் தணிந்துவிட்டது. "அப்பவும் உடனே விடலண்ணே. ஒரு வருஷம் கூப்பிட்டோம்."

அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷம். திரும்பியே பார்க்காத மனிதனை, தினமும், ஒரு வருஷம் கூப்பிட்டிருக்கிறார்கள்.