மூன்று விரல் கம்மி

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு நானே தையல்காரி ஆகிவிடுவதென்று முடிவு செய்தேன். அதற்கு எனக்கிருந்த தகுதி, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடந்த தையல் வகுப்பு. அரை வருஷத்தில் ஒரு கைக்குட்டைக்கு நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்திருந்தேன். நாலாவது பக்கம் கோணல் என்று டீச்சரம்மா சொன்னார். சொன்னால் சொல்லட்டும், கைக்குட்டை தைத்தவளுக்கு ஜாக்கெட் என்ன பிரமாதம் என்பது என் கட்சி. ஜாக்கெட் என்பது ஏழெட்டுக் கைக்குட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தது, அவ்வளவுதானே.

சந்தர்ப்பமும் தானாக வந்தது. பக்கத்து வீட்டு மும்தாஜின் அக்காவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. ரம்ஜான் நோன்பு முடிந்து, எங்கள் பொங்கலும் கழிந்த பிறகு நாள் வைத்திருந்தார்கள். மேல்விஷாரத்திலிருந்து மும்தாஜின் மாமா பெண்கள் மூன்று பேர் வருவார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் மூவரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வந்து இவளை மட்டம் தட்டுவது அவர்கள் வழக்கம். இந்தத் தடவை நாமும் ஒரே துணியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவர்கள் எதிரில் நிற்க வேண்டும் என்று மும்தாஜ் சொன்னாள். நாம் என்றால் அவள், நான், எதிர்வீட்டுக் கண்ணம்மா. நாலாவது ஆள் என் அண்ணி.

அண்ணிக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினைந்து வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பாவும் அண்ணனும் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய், அம்மாவும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு, அண்ணி எங்களோடு வந்து உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவாள். தோற்றுப்போனால் கட்டையைத் தள்ளிவிட்டுச் சண்டையும் போடுவாள். ஆகவே அவளைப் பெரியவர்கள் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

துணி கிடைப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. ஜன்னல்களுக்குத் திரை போடுவதற்கென்று வாங்கி, பிறகு பிடிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருந்த சீட்டித் துணியை மும்தாஜின் அம்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். சிவப்பில் கையகலத்துக்கு வெள்ளைப் பூ. ஜன்னலுக்குப் பிடிக்காத பூ எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அளவெடுப்பதில்தான் சிக்கல். டீச்சரம்மாவின் டேப் அவர் கழுத்தைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. நூலால் அளந்தால் முடிச்சு விழுந்தது, எந்த நூல் யாருடையது என்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் எதைத் தேடினாலும் கடைசியில் கைக்கு அகப்படுவது தோல். அண்ணனிடம் கெஞ்சியதில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த ஆட்டுத்தோல்களின் ஓரத்தில் நறுக்கிக் கழித்த வார் நாலைந்தை இலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். எதற்கென்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஈர வார் நான் சொன்னபடியெல்லாம் வளைந்தது. மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் நறுக்கினேன். ஆளுக்கு ஒரு வார், முனையில் ஆளுக்கொரு அடையாளக் கீறல். தோளும் கையும் கண்ணளவு போதும் என்று விட்டுவிட்டேன். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குள் நுழையாதே என்று அம்மா விரட்டியதால், நாலு வாரையும் கிணற்றடிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டேன். ஒரு வாரம் கழித்து, அவை நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகு எடுத்து வைத்துத் துணியை வெட்டினேன். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆம்பூர் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் எனக்கு அன்று தோன்றவில்லை.

அளவெடுத்த அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசியில் நாட்றம்பள்ளியிலிருந்து என் அத்தை வந்திருந்தாள். அவளும் அம்மாவும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். குரலைத் தாழ்த்தினால் எனக்கு நன்றாகக் காது கேட்கும். அண்ணனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் தொட்டில் கட்டவில்லை. நாட்றம்பள்ளியில் அத்தைக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். தை கழியட்டும், போய்ப் பார்க்கலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. இதிலிருந்து எனக்கு விளங்கியது ஒன்றுதான். இன்னொரு அண்ணி வரப்போகிறாள். பல்லாங்குழி ஆட இன்னொரு ஆள்.

இவ்வளவு நல்ல செய்தியை மனசுக்குள் எப்படி வைத்திருப்பது. அண்ணியைச் சுற்றி வாரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் காதில் சொல்லிவிட்டேன். அவள் நழுவின வார் முனையைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

பிறகு, "அவங்களுக்கும் நீ தெச்சிக் குடுப்பியா?" என்று கேட்டாள்.

"துணி மிச்சமானா தெச்சிக் குடுப்பேன் அண்ணி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் அந்த இடத்தில் என் வாயில் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

நாலு ஜாக்கெட் கைத்தையலில் முடிய இரண்டரை மாதம் ஆயிற்று. நோன்பு மாதத்தில் மும்தாஜ் மத்தியானம் தூங்கிப்போவாள். கண்ணம்மா ஊசியில் நூல் கோர்ப்பதோடு சரி. மீதி எல்லாம் நான். கைக்குப் பஃப் வைத்தேன். நாள் வருவதற்கு முன் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது என்றும் சட்டம் போட்டேன், பார்த்தால் புதுசு கெட்டுப்போகும் என்று காரணம் சொன்னேன். உண்மையில், தொட்டால் தையல் விட்டுப்போகுமோ என்று எனக்கே பயம்.

நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கும்போது மும்தாஜ் பொறுக்க முடியாமல் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் சேரவில்லை. எனக்கும் சேரவில்லை. கொஞ்சம் சதை போட்ட கண்ணம்மா, முதலிலேயே ஊக்கை மாட்டித் தலைவழியாகப் போடலாமென்று இரண்டு கையையும் மேலே தூக்கி நுழைத்துவிட்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அப்படியே நின்றாள். துணிக்குள்ளிருந்து அவள் அழுகிற சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். படபடவென்று தையல் பிரிந்தது.

"இன்னாடி இப்டி பேஜார் பண்ணிட்டே. மேல்விஷாரத்துப் பொண்ணுங்க இன்னா சொல்வாங்க?" என்று மும்தாஜ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டரை மாதம் அவர்களுக்குச் சொல்லி அனுப்பிச் சொல்லி அனுப்பிப் பெருமை அடித்திருந்தாள்.

மும்தாஜின் அம்மா வந்து பார்த்தார். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கு எதற்கு அழுகை என்று எங்களுக்கு ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து கீழ்வரை நீலத் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் ஜாக்கெட் அகலமாகிவிடும். அன்றே உட்கார்ந்து மூன்றையும் முடித்தோம். சரியாக உட்கார்ந்தது. சிவப்புக்கு நீலப் பட்டை முன்னைவிட எடுப்பாகவும் இருந்தது. எங்கள் சந்தோஷத்துக்கு அளவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் கதையைக் கேட்டு, கையில் எடுத்த சோற்றை இலையில் போட்டுவிட்டுச் சிரித்தான். ஈரத் தோலை வைத்து அளந்தால் காய்ந்ததும் சுருங்கத்தானே செய்யும், தோல் ஷாப்காரன் வீட்டில் பிறந்து இதுகூடத் தெரியாதா என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பு தோலுடையது, என் வெட்டு சரி. இதை எல்லோர் முன்னாலும் நிரூபிக்காமல் விடுவதில்லை என்று, நாலு வாரையும் எடுத்துக் கிணற்றடி வாளியில் ஊறப்போட்டேன்.

அம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஊறின வாரை நன்றாக இழுத்துவிட்டுக் கண்ணம்மாவைச் சுற்றினேன். முனையோடு முனை சரியாகச் சேர்ந்தது. மும்தாஜுக்கும் சேர்ந்தது. எனக்கும் சேர்ந்தது. அண்ணனே தலையாட்டி ஒப்புக்கொண்டான். பாக்கி அண்ணி. அவள் ஜாக்கெட்டுக்கு எத்தனை விரல் பட்டை வைப்பது என்றும் பார்க்க வேண்டியிருந்தது. முந்தின நாளிலிருந்தே அவள் பிடிகொடுக்கவில்லை. முதலில், வீட்டுக்கு விலக்கு, தொடாதே என்று பின்கொட்டகையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் தலைமுழுகிவிட்டு வந்திருந்தாள். இப்போது, எனக்கு ஜாக்கெட் வேண்டாம், பழசே போதும் என்று உள்ளே போகப் பார்த்தாள். கொழந்த ஆசைப்படுது, சித்த நில்லேன் என்று அம்மாதான் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

வாரைச் சுற்றினேன். சேரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், வார் அறுந்துவிடும் போலிருந்தது. இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"அண்ணிக்கு மட்டும் மூணு விரல் கம்மி" என்று கத்தினேன். எனக்கு ஒரே ஆத்திரம். மூன்று பேருக்குச் சரியாக வந்தது இவளுக்கு மட்டும் எப்படி வராமல் போகும். கண்ணம்மாவைக் கூப்பிட்டு மறுபடி அளந்து காட்டினேன். பிறகு அண்ணிக்கு மறுபடி அளந்தேன். அதே மூன்று விரல். நான் எவ்வளவுக்கெவ்வளவு நியாயம் பேசினேனோ அவ்வளவுக்கவ்வளவு அண்ணியின் முகம் வெளுத்தது.

அம்மாவின் முறம் நின்றுவிட்டது. எழுந்து வந்தாள். என் விரலை எடுத்துவிட்டுத் தன் மூன்று விரலை அந்த இடைவெளியில் வைத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?"

"நாலு" என்றாள் அண்ணி. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

அம்மா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அங்கே நிற்க முடியாமல், அப்பாவின் பழைய செருப்பில் ஒன்றும் தன் செருப்பில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு ஷாப்புக்குப் போய்விட்டான். அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டரை மாதம் பாடுபட்டுத் தைத்த ஜாக்கெட் அவளுக்குச் சேராமல் போனதே, பாவம், ஆசைப்பட்டிருப்பாள்.

"அழாதீங்க அண்ணி. வரப்போற அண்ணி ஒல்லியா இருந்தா அவங்களுக்குக் குடுத்துடலாம்" என்றேன்.

அம்மா என்னை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கின கையை அப்படியே அண்ணியின் தோள்மேல் போட்டு, அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேற எந்த அண்ணியும் வர்றதில்ல. இவ ஒருத்திதான் உனக்கு அண்ணி" என்றாள்.

நிக்காஹ் அன்று நாங்கள் மூவரும் நீலப் பட்டை தெரியும்படி கையைச் சற்றுத் தூக்கியே நடந்தோம். மேல்விஷாரத்துப் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இது எந்த ஊர் மாடல் என்று கேட்டார்கள். பட்டணத்து மாடல் என்று மும்தாஜ் கண் இமைக்காமல் சொன்னாள். அண்ணிக்கு மும்தாஜின் அம்மா தன் கையாலேயே இனிப்பை ஊட்டிவிட்டார். ஆனி மாதம் என் அண்ணன் மகள் பிறந்தாள். மிச்சச் சீட்டித் துணியில் அவளுக்கு நான் தைத்த முதல் சட்டைக்கு, இந்த முறை நூலால் அளவெடுத்தேன்.

நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் அண்ணி இதைச் சொன்னாள். வந்த முதல் வருஷமே அவளுக்கு நாள் தள்ளிப்போய், அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாளாம். அது தங்கவில்லை. சர்க்கரை வாங்கின வாய்களெல்லாம் பேசிய பேச்சுக்குப் பயந்து, இந்த முறை மூன்று மாதமும் சும்மாவே கொட்டகையில் போய் மும்மூன்று நாள் விலக்கென்று உட்கார்ந்திருக்கிறாள். தங்கினால் தானாகத் தெரியட்டும், தங்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. நாட்றம்பள்ளிப் பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

அன்று கிணற்றடியில் எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவும் அண்ணியும் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நானும் ஓவென்று அழ ஆரம்பித்தேன். ஏன்டி அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். நாட்றம்பள்ளி அண்ணி வரமாட்டாளே, அதற்குத்தான் என்று விக்கி விக்கிச் சொன்னேன். அதைக் கேட்டும், அண்ணிதான் குனிந்து தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.